ஊதாத முப்பத்திரண்டு பார்

எங்கள் வீட்டு டிரம்பெட் பரணுக்கு ஏறி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஜெரி அதைப் பழைய லுங்கியில் சுற்றி, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் நன்றாக இருக்கிற சாமான்களையெல்லாம் ரிப்பேர் செய்யத் தொடங்கினான். ஓடுகிற மின்விசிறியைக் கழற்றினான். சொட்டாத குழாய்க்கு வாஷர் மாற்றினான், அதற்கப்புறம் அது சொட்டியது. ஊதாத ஊதுகாரனோடு ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று கல்யாண வகுப்பில் எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஜெரி என் கணவன். துறைமுகத்தில் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவான். அது பிழைப்பு. மற்றபடி அவன் அருள்பிரகாசம் மாஸ்டரின் பேண்டு செட்டில் முதல் டிரம்பெட். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கோயில் தேரானாலும் கல்யாணமானாலும் சாவானாலும் அந்தச் செட்டுதான் முன்னால் போகும். அவன் ஊதுவதைக் கேட்டுத்தான் நான் அவனைக் கட்டிக்கொண்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் வேறு யாரையாவது கட்டியிருப்பேன். இதை அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கிரேன் டிரைவராக இருந்த பொன்னுரங்கம் என்ற பெரியவர் இறந்துபோனார். அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை வழி நெடுக டிரம்பெட்டில் ஊத வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். ஊர்வலத்தின் நடுவில் ஜெரி ஊதுவதை நிறுத்திவிட்டான். டிரம்பெட்டை வாயில் வைத்தபடியே கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறான். டிரம்ஸ் கேட்டது, கிளாரினெட் கேட்டது, பாட்டைக் காணோம். பிள்ளைகள் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டார்கள். சுடுகாட்டு வாசலில் மாஸ்டர் ஜெரியைப் பிடித்துக் கேட்டார். ஜெரி வாயைத் திறக்கவில்லை. செட்டு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, இனிமேல் வராதே என்று அவர் சொல்லிவிட்டார்.

ஏன் என்று நானும் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். நின்னுபோச்சு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. உதடு போய்விட்டதோ என்று எனக்குப் பயம். டிரம்பெட்காரனுக்கு உதடு போனால் கதை முடிந்தது. ஒருநாள் ஆபீஸுக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று தண்டையார்பேட்டையில் மாஸ்டர் வீட்டுக்கே போனேன்.

"உம் புருசனையே கேளும்மா" என்றார் அவர். "இன்னா காரணம்னு ஒரு வார்த்த சொன்னான்னா போதும். மாதா தேருக்கு முந்தின ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பால ரெண்டாவது ஊதற ஃப்ரெடிதான் ஃபர்ஸ்ட் டிரம்பெட்."

ஏன் நிறுத்தினான் என்று இத்தனை தடவை கேட்ட நான், எங்கே நிறுத்தினான் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அவன் ஊதாமல் நடந்த அந்த வாரம் எனக்கும் ஒன்று நடந்திருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வயிற்றில் நின்ற கரு, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. நின்றதையே நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. எனவே கலைந்ததையும் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்தான் பொன்னுரங்கம் சாவு. ஜெரி போகமாட்டேன் என்றான். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், போய்த் தொலை என்று நான்தான் அனுப்பினேன். மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்கப்புறம் பேசவில்லை. பேசினால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

நான் பாரிமுனையில் சரக்குக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் பார்க்கிறேன். மாதத்தில் கடைசி ஞாயிறு மதியம் ராயபுரத்தில் மாதா கோயில் ஹாலில் நாங்கள் சிலர் சேர்ந்து வெளிநாட்டுப் படம் பார்ப்போம். வியாசர்பாடி சித்தார்த், ரயில்வேயில் வேலை செய்பவன், படத்தைத் தேடிக் கொண்டுவருவான். அடியில் ஓடும் இங்கிலீஷுக்குக் கீழேயே நான் அதைத் தமிழில் எழுதுவேன். எண்ணூரிலிருந்து டீச்சர் ரஹீமுன்னிசா வருவார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அந்த மாதம் சித்தார்த் கொண்டுவந்தது ஒரு ஜப்பான் படம். தலையும் புரியாது வாலும் புரியாது, அவ்வளவு நல்ல படம். அதில் டிரம்பெட் ஊதுகிற ஆள் ஒருவன் வருகிறான் என்று சித்தார்த் சொன்னதுமே என் மண்டையில் மணி அடித்தது. அந்த ஞாயிறுதான் மாஸ்டர் கொடுத்த கெடு. மாஸ்டரைப் படத்துக்குக் கூப்பிட்டேன். டிரம்பெட் படமா என்று கேட்டார், வருகிறேன் என்றார். ஜெரியிடம் நாற்காலி போட ஆள் வேண்டும் என்றேன். இரண்டு பேரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்துவிட்டால் மற்றதைப் பரிசுத்த ஆவி பார்த்துக்கொள்ளும் என்பது என் திட்டம்.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் ஒரு தொழிற்சாலை ஊர். பாதி வீடுகளின் கதவைத் திறந்தால் உள்ளே கடல் இருக்கும். சிம்னிப் புகை சில நாட்களில் மேலே போகும், சில நாட்களில் திரும்பி வந்து சிம்னிக்குள்ளேயே இறங்கும். அங்கே கறுப்பு மழைக்கோட்டு போட்ட ஒருவன் நசுங்கிய டிரம்பெட்டோடு தெருத்தெருவாக நடக்கிறான். சில வீட்டு வாசலில் நின்று ஊதுகிறான். சில வீட்டு வாசலில் டிரம்பெட்டை வாயில் வைக்கிறான், கன்னம் உப்புகிறது, விரல்கள் அசைகின்றன, சத்தம் மட்டும் வருவதில்லை. அவன் யார், எங்கிருந்து வந்தான், ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைசியில் அவன் அதே பாட்டை முழுக்க ஊதும்போது கடல் கப்பல் துறையை விட்டு விலகி விலகிப் போய்க் காணாமலேயே போகிறது. படம் முழுக்க அவன் பேசுவது ஒரே ஒரு வரி. நீ யார் என்று ஒரு போலீஸ்காரர் கேட்கிறார். அடியில் இங்கிலீஷில் அவன் பதில் 'ஐ ஆம் தி ரெஸ்ட்' என்று ஓடுகிறது.

அந்த வரிக்கு மூன்று நாள் ஆயிற்று எனக்கு. மிச்சம், மீதி, எச்சம் என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் 'மிச்சம் நான்தான்' என்று எழுதினேன். எல்லாம் போனபின் மிஞ்சியவன். எழுதிவிட்டு எனக்கு நானே டீ வாங்கிக் குடித்தேன், அவ்வளவு பெருமை.

அந்த ஞாயிறு மதியம் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஜெரி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அவன் கடைசி வரிசைக்குப் போய் ஃபேன் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

படம் முடிந்ததும் வழக்கம்போலப் பேச்சு. அந்த மழைக்கோட்டுக்காரன் யார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அவன்தான் சாவு என்றான் சித்தார்த். அவன் சத்தமில்லாமல் நிற்கிற வாசல்களைப் பாருங்கள், அந்த வீடுகளில் யாரோ போய்ச் சேரப்போகிறார்கள் என்று நெட்டில் படித்த நான்கு கட்டுரைகளைக் கலந்து அழகாகவே பேசினான். ரஹீமுன்னிசா டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்ப் புகையைக் குடித்து அவனுக்கு நுரையீரல் போய்விட்டது, அதனால் சில இடத்தில் மூச்சு வருகிறது, சில இடத்தில் வரவில்லை, எண்ணூரில் வந்து ஒரு மாசம் இருந்துபார், உனக்கும் புரியும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மிச்சம், எச்சம் என்று ஏதோ சொன்னேன்.

அப்போது மாஸ்டர் திரும்பாமலேயே பேசினார். "சாவும் இல்ல, பொகையும் இல்ல. ஊத வெக்கப்படற ஆளு அவன். அந்த மாரி ஒருத்தன் என் செட்லயும் இருந்தான்."

சித்தார்த் என்னைப் பார்த்தான். பரிசுத்த ஆவி கைவிட்டுவிட்டது. வெக்கம்தான் காரணம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஜெரி வெளியே போகப்போகிறான், இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் முன்னால் வந்தான். போலீஸ்காரர் வருகிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னான். போட்டார்கள்.

"ஜூடி, 'மிச்சம்'னு எழுதிக்கீற. அது தப்பு" என்றான். "இது நம்ம ரெஸ்ட்டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாள் பாடு. ஆனால் அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, பாடம் மாதிரியும் சொல்லவில்லை. மாஸ்டர் கையால் எழுதி வைத்திருக்கும் நோட்ஸ் புத்தகத்தைப் பற்றிச் சொன்னான். அதில் ஊத வேண்டிய இடத்துக்கு மட்டும் குறி இல்லையாம், ஊதக் கூடாத இடத்துக்கும் குறி உண்டாம். அதன் பெயர்தான் ரெஸ்ட். சும்மா இருக்கிற நேரம் நீளமாக இருந்தால் தடித்த கோடு ஒன்று போட்டு, அதன் தலையில் எத்தனை பார் என்று எண் எழுதியிருக்கும். பார் என்றால் நீங்கள் நினைக்கிற பார் இல்லை, நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார் என்று சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சிரித்தான். அந்த நேரத்தில் ஊதுகாரன் ஓய்வெடுக்கவில்லை, பாட்டுக்குள்ளேயேதான் இருக்கிறான், ஒவ்வொரு பாராக எண்ணிக்கொண்டே வர வேண்டும், எண்ணினால்தான் சரியான இடத்தில் உள்ளே வர முடியும். சேர்ந்த புதிதில் மாஸ்டர் அவனை ஊத விடாமல் ஆறு மாதம் எண்ண மட்டும்தான் விட்டாராம்.

பிறகு, சத்தமில்லாமல் நிற்கிற காட்சியைப் போடச் சொன்னான். நசுங்கிய டிரம்பெட்டின் மூன்று வால்வுகள் மேல் மூன்று விரல்கள் ஏறி இறங்கின. முகத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள் என்றான் ஜெரி. எங்களுக்கு விரல்தான் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் முதல் வரிசையில் மாஸ்டரின் வலது கை தன் முழங்கால் மேல் தானாக அசையத் தொடங்கியிருந்தது. திரையில் இருந்த விரல் எப்படியோ அதே மாதிரி. அவர் முன்னால் சாய்ந்தார்.

"கடசீல ஊதற அதே பாட்டு" என்றார் மெதுவாக. "பாட்டு போய்க்கினுதான் கீது. காத்துதான் குடுக்கல."

இரண்டு மணி நேரம் நாங்கள் பார்த்த படத்துக்குள் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அதை இரண்டு பேண்டுக்காரர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த மழைக்கோட்டுக்காரன்மேல் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது. ஒரு ஊர் முழுக்க அவனைப் பைத்தியம் என்கிறது, அவன் ஒரு தட்டுகூட விடாமல் எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

சித்தார்த் விடவில்லை. சரி, அந்த வாசல்களில் மட்டும் ஏன் காற்றுக் கொடுக்கவில்லை என்று கேட்டான்.

ஜெரி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாவு வூட்டாண்ட ஊதறான் பாரு. வாசல்ல செருப்பா கெடக்குது, ஆளுங்க வந்துகினு கீறாங்க. ஊதாத வூட்டாண்ட ஒரு ஜோடி செருப்புதான் கீது. உள்ள ஒரு பொம்பள தனியா கடிகாரத்த மடியில வெச்சிக்கினு கீறா. அவளுக்கும் சாவுதான். ஆனா அத சாவுன்னு வெளியில சொல்ல முடியாது. மால வராது, ஆளு வராது. அந்த வாசல்ல போயி இன்னொருத்தர் சாவுக்கு எப்பிடி ஊதறது? ஆனா பாட்ட வுட்டுட்டும் போவ முடியாது. அதான் எண்ணிக்கினு கீறான்."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லி முடித்ததும்தான் ஹாலில் ஆட்கள் இருப்பது ஞாபகம் வந்தவன்போல நின்றான். ஆறு வாரமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன்.

"மாஸ்டர், அன்னிக்கி இவரு எங்க நிறுத்தினாரு?"

"எங்கயா? உங்க தெருவுலதான்" என்றார் அவர். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் ஊர்வலத்தை உள்ளே திருப்ப வேண்டியதாகிவிட்டது என்று விளக்கினார். "மாவு மில்லாண்ட நிறுத்தினவன் அடிபம்பாண்டதான் எடுத்தான். துரைக்கு சொந்தத் தெருவுல சாவுக்கு ஊத வெக்கம். நானும் முப்பது வருசமா என் தெருவுல ஊதறேன்."

மாவு மில்லுக்கும் அடிபம்புக்கும் நடுவில் எங்கள் வீடு. அன்றைக்கு நான் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் ஜெரியின் டிரம்பெட் கேட்டால் எழுந்துவிடுவேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். டிரம்ஸ் எத்தனை அடித்தாலும் தூங்குவேன் என்பதும் தெரியும். இந்தக் காரணத்தை மாஸ்டரிடம் சொல்ல வேண்டுமானால் என் காரியத்தைச் சொல்ல வேண்டும். அவன் டிரம்பெட்டைப் பரணில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஜெரி வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான். அவனால் சொல்ல முடியாதுதான், அது என்னுடையது. நான் எழுந்து நின்றேன்.

"அந்த நடுவுல கீறது எங்க வூடு மாஸ்டர். நான் உள்ள படுத்துகினு இருந்தேன். காய்ச்சல் இல்ல. மூணு மாசம், கலஞ்சிடுச்சி. யாருக்கும் சொல்லல."

டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு பேர் முன்னால் சொன்னேன், பூமி பிளக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு ஜெரியை நிமிர்ந்து பார்த்து, எண்ணினாயா என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்திரெண்டு பார். பம்பாண்ட கரெக்டா உள்ள வந்தேன். நீங்க திட்டிக்கினே வந்தீங்க, கரெக்டா வந்தத கவனிக்கல."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, திட்டினது தப்புதான்டா நைனா என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்தச் செட்டில் யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை பிராக்டீஸுக்கு வரச் சொல்லிவிட்டு, என் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஜெரியை வழியெல்லாம் திட்டினேன். மாஸ்டரிடம் சொல்லாவிட்டால் போகிறது, என்னிடம் சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் பதில் சொன்னான்.

"உன்ன எழுப்பக் கூடாதுன்னுதான் ஊதல. அத உன்னாண்ட சொன்னா, எழுப்புன மாரிதான?"

கேட் திறக்கிறவரைக்கும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நல்லவனை உதடு போனவன் என்று ஆறு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்படியே அழுதும்விட்டேன், அந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக.

மறுநாள் சித்தார்த்துக்குப் போன் செய்து அந்த வரியை மாற்றச் சொன்னேன். எண்ணூரில் கார் ஏற்ற வரும் ஜப்பான் கப்பல்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பெண் ஒருத்தியை எங்கள் ஆபீஸுக்குத் தெரியும். அவளிடம் கேட்டேன். படத்தில் அவன் சொல்வது பாட்டில் சும்மா இருக்கிற இடத்துக்கான வார்த்தைதான், மிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். நீ யார் என்று போலீஸ்காரர் கேட்டால், இப்போது தமிழில் அவன் 'எண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்கிறான். இதற்கு நான் டீ வாங்கிக் குடிக்கவில்லை. டீ ஜெரிக்குத்தான் சேர வேண்டும்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் தேர் எங்கள் தெருவுக்கு வந்தது. மாதா முன்னால் செட்டு, செட்டுக்கு முன்னால் ஜெரி, சிவப்புக் கோட்டில் ராஜா மாதிரி. அந்தக் கோட்டுக்கு இரண்டு பட்டன் நான் தைத்தது. நான் வாசல் படியில் நின்றேன். பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி மாதாவுக்குப் போட மல்லிகைச் சரத்தோடு என் பக்கத்தில் நின்றார்.

மாவு மில் வந்தது. டிரம்பெட் நின்றது.

ஜெரி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் வால்வின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாஸ்டர் இந்தத் தடவை திட்டவில்லை, அவரும் என்னைத்தான் பார்த்தார். பம்பு வரைக்கும் இப்படியே போவதற்கும் அவர்கள் தயார், நான் சொன்னால் இங்கேயே எடுப்பதற்கும் தயார் என்று எனக்குப் புரிந்தது. நான் கையைத் தூக்கி, ஊது என்று காட்டினேன்.

ஊதினான் பாருங்கள். காத்தூன் பீவி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னாம்மா உம் புருசன் தெருவையே தூக்கிடுவான் போலக் கீதே என்றார். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

அவன் உள்ளே வந்தது ஒன்பதாவது பாரின் முதல் தட்டில். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.